முகம் காணாத தாய்க்குப் பிள்ளையின் முகத்தை எப்படிச் சொல்வது?

கதியால் (முத்தையன்கட்டு)
ஜனவரி 9, இரவு 11.40

முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவன் நான். மேட்டுக் காணியில் கச்சான், அதாவது நிலக்கடலை, போடுகிறேன். திருமணமாகி நான்காவது வருடம்தான் மனைவிக்குக் கரு தங்கியது. முதல் ஸ்கானில் டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டியபோது, கோதோடு கிடக்கும் கச்சான்போல இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து வயிற்றில் இருந்தவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. பஸ்ஸில் கச்சான் சரை விற்கிறவர் கூவிக்கொண்டு ஏறினால், "பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள்" என்று மனைவி வயிற்றைத் தடவுவாள்.

போன மாசியில் 36 கிழமையும் நான்கு நாளும் ஆகியிருந்தது. கிளினிக்கில் கொடுத்த அசைவுக் கணக்கு அட்டையில் அன்று காலை அவள் ஒரு கோடும் போடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று கேட்டாள். வயலில் வெட்டு மெசின் நின்றது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. பின்னேரம்வரை பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். இந்த வசனத்தை இதற்கு முன் நான் எங்கும் எழுதியதில்லை. எவருக்கும் சொன்னதுமில்லை.

இரவு ஆஸ்பத்திரியில் டொக்டர் கருவியை வயிற்றின் இடப்பக்கம் வைத்தார், வலப்பக்கம் வைத்தார், மறுபடியும் இடப்பக்கம் வந்தார். பிறகு மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் ஒன்றும் கேட்கவில்லை.

மருந்து கொடுத்து நோவு வரச்செய்தார்கள். அடுத்த நாள் இரவு 2.10க்குப் பிறந்தாள். 2 கிலோ 350 கிராம். மனைவி மருந்து மயக்கத்தில் இருந்தாள். தாய் முகத்தைப் பார்த்தால் மனம் பேதலித்துவிடும், காட்டவேண்டாம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். தாதியரும் வற்புறுத்தவில்லை. விடிந்ததும் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். மனைவியின் தம்பி ஓட்டோ ஓட்டினான். நான் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் ஓட்டோ ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியது. என்னையறியாமல் பிள்ளையின் தலையைக் கையால் தாங்கிப் பிடித்தேன். பிடித்தபின்தான் துணியை விலக்கிப் பார்த்தேன்.

சுடலையின் கிழக்கு மூலையில் சிறுபிள்ளைகளை வைக்கிற இடம் இருக்கிறது. நானும் மச்சானும் வெட்டினோம். பன்றி கிளறாமல் இருக்கக் கல் அடுக்கினோம். அடையாளத்துக்கு, வேலிக்கு நடுகிற பூவரசங் கதியால் ஒன்றை நட்டுவிட்டு வந்தோம். மனைவி வீட்டுக்கு வருவதற்குள் ஏணையையும் தைத்து வைத்திருந்த சட்டைகளையும் அம்மா எங்கோ கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் பால் சுரந்தது. மனைவியின் அம்மம்மா மல்லிகைப்பூவை அடுக்கி வைத்துப் பழைய வேட்டித் துண்டால் மார்பை இறுக்கிக் கட்டினார். எங்கள் அறை முழுவதும் கல்யாண வீட்டு வாசம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அம்மா கல் மனசுக்காரி இல்லை. ஆனால் அவருடைய கணக்கு வேறு. "பேர் வைக்காத பிள்ளைக்கு எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. நினைத்து நினைத்து அழுதால் அடுத்தது தங்காது" என்கிறார். கர்ப்பிணியாக இருந்தபோது கொடியில் துணி காயப்போடக் கை உயர்த்தியதால்தான் பிள்ளைக்குத் தொப்புள்கொடி சுற்றியது என்றும் ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் கொடியில் துணி போடுவது நான்தான்.

ஐப்பசியில் அடுத்த வளவுப் பிள்ளைக்குப் பல் முளைத்ததென்று பல்லுக்கொழுக்கட்டை அவித்தார்கள். அந்தப் பிள்ளை எங்களுடையவளுக்கு ஆறு நாள் மூப்பு. எங்களுக்கு அழைப்பு இல்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்கும் பயம் இருக்கும். அன்று வயலால் வந்து குசினிக்குள் எட்டிப் பார்த்தபோது மனைவி அடுப்படியில் குந்தியிருந்தாள். மாக் குழைத்து, பயறும் சீனியும் தேங்காய்ப்பூவும் உள்ளே வைத்து ஐந்து கொழுக்கட்டை பிடித்திருந்தாள். தேங்காய்ச் சொட்டை நகக்கண் அளவுக்கு நறுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொழுக்கட்டையின் விளிம்பில் பல்லுப்போலக் குத்திக்கொண்டிருந்தாள். ஒரு பல் சாய்ந்துவிட்டது. அதைப் பிடுங்கித் திரும்ப நேராகக் குத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. "அவளுக்கும் இப்போது முளைத்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

இந்தப் பதினொரு மாதத்தில் அவள் என்னிடம் மூன்று முறை கேட்டது ஒரே கேள்வி: யாருடைய சாயல்? மூன்று முறையும் "இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை" என்று பொய் சொன்னேன். விடிந்தபின்தான் தந்தார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

நான் நன்றாகவே பார்த்தேன். அவளுடைய மூக்கு. என் ஐயாவின் காது, மேல்விளிம்பு உள்ளே மடிந்த காது. தலை நிறைய மயிர். ஆனால் இடது கன்னத்தில் தோல் உரிந்திருந்தது. உதடு கறுத்திருந்தது. காதைச் சொல்லத் தொடங்கினால் கன்னத்திலும் வந்து நிற்க வேண்டுமே என்றுதான் நாக்கு எழும்பவில்லை.

வருகிற மாசி 9ஆம் திகதி ஒரு வருடம். அவளிடம் உண்மையைச் சொல்லலாமா? கன்னத்தையும் சொல்ல வேண்டுமா? அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? சைவ முறைப்படி ஏதாவது செய்ய வழி உண்டா? இப்படிப் பிள்ளையை இழந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


வீரைமரம் (கிளிநொச்சி)
ஜனவரி 10, காலை 6.15

எங்களுக்கும் நடந்தது, 2016இல், ஆண்பிள்ளை. நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முதலாம் வருடத்தில் நான் ஆர்வப்பட்டு விளக்கு, பூ, கோவில் அர்ச்சனை எல்லாம் ஒழுங்கு செய்தேன். மனைவி அன்று முழுவதும் அறைக் கதவைத் திறக்கவில்லை. அந்தத் திகதியை நாளும் நேரமுமாகக் கொண்டாடுவது அவருக்கு வேண்டாம். அவர் தன்பாட்டில், தான் நினைத்த நாளில், ஒரு தேசிக்காய் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார். அது யாருக்காக என்று எனக்குத் தெரியும். நான் கேட்பதில்லை. நீங்களாக எதையும் ஒழுங்கு செய்யாதீர்கள். முதலில் அவரைக் கேளுங்கள்.

ஆனால் உங்கள் மனைவி மூன்று தரம் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அது வேறு விஷயம்.


ஓய்வுபெற்ற மருத்துவமாது
ஜனவரி 10, இரவு 8.50

தம்பி, நான் 31 வருடம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மருத்துவமாதாக வேலை செய்தவள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்றுநேரம் இருந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கன்னத்தைப் பற்றி. வயிற்றுக்குள் உயிர் பிரிந்த பிள்ளை, பிறக்கும்வரை பன்னீர்க்குடத்து நீரிலேயே கிடக்கிறது. சில மணித்தியாலத்திலேயே மேல்தோல் இளகத் தொடங்கும். ஒரு நாள் கடந்தால் துணி உரசினாலும் உரியும். உதடு கருஞ்சிவப்பாகும். இவை எல்லாம் உயிர் போனபின் நடப்பவை. பிள்ளைக்கு எங்கும் அடிபடவில்லை, எரியவில்லை, நோகவில்லை. இதை நீங்கள் விளங்கிக்கொண்டால் அவருக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரும். காதில் தொடங்குங்கள், மூக்கைச் சொல்லுங்கள், தலைமயிரைச் சொல்லுங்கள். கேட்டால் கன்னத்தையும் மறைக்காமல் சொல்லி, ஏன் அப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். பார்க்காத தாய் மனதுக்குள் கீறி வைத்திருக்கும் முகம் உண்மையானதைவிடப் பல மடங்கு கோரமாக இருக்கும். இதை நான் எத்தனையோ தாய்மாரிடம் கண்டிருக்கிறேன். என் ஆரம்ப காலத்தில் நாங்களும் காட்டாமல் மறைத்தோம். நல்லது செய்கிறோம் என்று நினைத்தோம். பின்னாளில் நான் வேலை செய்த இடங்களில், தாய் விரும்பினால் குளிப்பாட்டித் துடைத்துக் கையில் கொடுப்பேன். பார்க்க விருப்பமில்லை என்பவரை வற்புறுத்தியதில்லை. ஆனால் கேட்காமல் விட்டதும் இல்லை.

கொடி சுற்றியது பற்றி. நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கழுத்தில் கொடி சுற்றியபடிதான் பிள்ளை வரும். நாங்கள் விரலை விட்டுக் கழற்றிவிடுவோம், பிள்ளை வீறிட்டு அழும். கண்ணுக்குத் தெரிவது கொடி என்பதால் எல்லோரும் அதன் தலையில் பழியைப் போடுகிறார்கள். நச்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் பிள்ளைக்கு ஊட்டம் குறைவது, தாய்க்குப் பிரஷர், சீனி, கிருமித் தொற்று, பிறவிக் குறை என்று காரணங்கள் பல. எல்லாம் தேடிப் பார்த்தும் காரணம் பிடிபடாத பிள்ளைகளும் நிறையப் பேர். ஆனால் கை உயர்த்தித் துணி காயப்போட்டதால் கொடி சுற்றாது. அதை நான் சொன்னதாக உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். எங்கள் காலத்துப் பெண் சொன்னால் கேட்பார்.

அந்தப் பின்னேரத்தைப் பற்றி. காலையில் கோடு விழாதபோதே பிள்ளை போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். இப்போது எவராலும் சொல்ல முடியாது. உங்களைத் தேற்றுவதற்காக நான் பொய் சொல்லமாட்டேன். ஒன்று தெரியும்: என் கிளினிக்கில் எத்தனையோ வீட்டார் அப்படிப் பின்னேரம்வரை பார்த்திருக்கிறார்கள், பிள்ளையும் சுகமாகப் பிறந்திருக்கிறது. நீங்கள் அன்று செய்தது வன்னியில் எல்லா வீட்டிலும் செய்வது. ஆனால் இதை வாசிக்கிற கர்ப்பிணிகளுக்கும் வீட்டாருக்கும் சொல்கிறேன்: அசைவு குறைந்தால் பின்னேரம்வரை பார்க்க வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று இருக்கவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பத்து முறை வீணாகப் போய்த் திரும்பினாலும் ஒருவரும் உங்களை ஏசக்கூடாது.

பால் சுரந்தது அவருக்குப் பெரிய வதையாக இருந்திருக்கும். நச்சுக்கொடி வெளியேறியதும் உடம்பு பாலை இறக்கிவிடும். பிள்ளை இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. அம்மம்மா செய்த மல்லிகைப்பூ வைத்தியம் சும்மா அல்ல. இந்தியாவில் மருத்துவர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து அதற்கும் பலன் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வாசத்தைப் பற்றி யாரும் எழுதியதாக நான் காணவில்லை. நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

28 கிழமைக்குப் பிறகு உயிரில்லாமல் பிறக்கும் பிள்ளைகளை உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம். அவ்வளவு வீடுகளில் ஏணை கழற்றப்படுகிறது. உங்கள் வளவுக்கு மட்டும் வந்த சாபம் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். அடுத்த முறை கரு தங்கினால் முதல் கிளினிக்கிலேயே நடந்ததைச் சொல்லுங்கள். பிரஷர், சீனி, பிள்ளையின் வளர்ச்சி எல்லாவற்றையும் கூடுதலாகக் கவனிப்பார்கள்.


இரணைப்பாலை
ஜனவரி 11, பின்னேரம் 3.05

தம்பி, உங்களுக்கு இடம் தெரியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

2009 பெப்ரவரி, இறுதி யுத்த நேரம். விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டு இரணைப்பாலையில் யாரோ ஒருவருடைய வளவில் தறப்பாள் கட்டி இருந்தோம். எனக்கு எட்டாம் மாதம். நோவு எடுத்தபோது பங்கருக்குள் மாமியும் நானும்தான். பிள்ளை அழவில்லை. மாமி காலில் பிடித்துத் தட்டினார், முதுகைத் தேய்த்தார், வாயில் ஊதினார். அழவில்லை. கணவர் தன்னுடைய நீலச் சாரத்தைக் கிழித்துச் சுற்றி, அந்த வளவின் மூலையில் இரட்டைப் பனையின் கீழ் வைத்தார். பிறகு கடற்கரைப் பக்கத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள். நான் எழும்பி நடக்கத் தொடங்கி இரண்டாம் நாள் மாத்தளனுக்குப் போனோம். திரும்பிப் பார்த்தபோது இரட்டைப் பனை தெரிந்தது. அதை மறக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மீளக் குடியமர விட்டபோது முதல் வேலையாக அங்கே போனேன். பனைகளுக்கு வட்டு இல்லை. எல்லாம் மொட்டைத் தூண்கள். வேலி இல்லை, வீடு இல்லை, எது யாருடைய வளவு என்று தெரியவில்லை. இரட்டைப் பனையில் ஒன்று விழுந்திருந்தால் மற்றது ஒற்றைப் பனைதானே? மூன்று நாள் தேடினேன். பிறகு காணிக்காரர் வந்து மண் நிரவினார்.

செட்டிகுளம் முகாமில் பதிவுக்கு வரிசையில் நின்றபோது மேசையில் இருந்தவர் கேட்டார்: "பிள்ளைகள் எத்தனை?" நான் இரண்டு என்றேன். அவர் என் பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். "மற்றது?" என்றார். நான் ஒன்று என்று மாற்றிச் சொன்னேன். அவர் வெட்டி எழுதினார். அந்த வெட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு பள்ளிக்கூடம், சமுர்த்தி, கிராம அலுவலர் என்று எத்தனையோ படிவம். எல்லாவற்றிலும் ஒன்று என்றுதான் எழுதுகிறேன். மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் எல்லோரும் விளக்கு ஏற்றும்போது மட்டும் என் வீட்டாருக்கு ஏற்றுகிற விளக்குகளில் ஒன்று கூடுதலாக இருக்கும். யாருக்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்று உங்கள் அம்மா சொல்லக்கூடும். நான் என் மாமாவுக்குக் கையால் குழி வெட்டியவள். வன்னியில் அந்த வழக்கம் 2009இலேயே உடைந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போங்கள். கதியால் நிற்கும்போதே போங்கள்.


மடுவீதி
ஜனவரி 11, இரவு 9.30

நாங்கள் வேதக்காரர். எங்களிடமும் இந்தத் துன்பம் இருந்தது. என் அம்மம்மாவின் மூத்த பிள்ளை சாப்பிள்ளை. ஞானஸ்நானம் பெறவில்லை என்று சேமக்காலை மதிலுக்கு வெளியே, பற்றைக்குள் வைத்தார்கள். கல்லறைத் திருநாளில் எல்லோரும் உள்ளே மெழுகுதிரி கொளுத்தும்போது அம்மம்மா மதிலோரம் போய் வெளிப்பக்கம் ஒரு திரியை எறிவாராம். கொளுத்தாத திரி. உள்ளே நின்று கொளுத்தி எறிந்தால் பற்றை எரிந்துவிடும் அல்லவா? அவர் சாகும்வரை அப்படித்தான்.

இப்போது அப்படி இல்லை. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்த பிள்ளை அதற்கு முன் இறந்தால், ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. 2007இல் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் காலத்தில் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, அந்தக் குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப இடமுண்டு என ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அம்மம்மாவுக்கு இதை வாசித்துக் காட்ட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. என் அக்காவின் பிள்ளை 2011இல் அப்படிப் பிறந்தபோது சுவாமியார் தாமாகவே வந்து செபம் சொல்லி மதிலுக்கு உள்ளே அடக்கம் செய்தார். டிசம்பர் 28ஆம் திகதி மாசில்லாக் குழந்தைகள் திருநாளில் அக்கா ஒரு பால்மா டின் வாங்கி ஏழைத் தாய் ஒருவருக்குக் கொடுப்பார். வேறு ஒன்றும் செய்வதில்லை.

உங்கள் சமயம் வேறு. ஆனால் உங்கள் பிள்ளையையும் என் செபத்தில் சேர்த்துக்கொள்கிறேன், கச்சான் என்ற பெயரிலேயே.


விபூதித்தட்டு
ஜனவரி 12, காலை 5.20

என் அப்பா எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவில் பூசகர். உங்கள் கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

பல் முளைக்காத பிள்ளையை எரிப்பதில்லை, மண்ணில் வைப்பதுதான் வழக்கம். அந்தியேட்டியும் திவசமும் இல்லை என்று உங்கள் அம்மா சொல்வது சரி. ஆனால் ஏன் இல்லை என்பதை விட்டுவிட்டார். கழிக்க வேண்டிய வினை எதையும் அந்தப் பிள்ளை செய்யவில்லை. அதனால் கிரியை தேவைப்படவில்லை. தேவையில்லை என்பதைச் செய்யக்கூடாது என்று காலப்போக்கில் மாற்றிவிட்டார்கள் என்கிறார் அப்பா. விளக்கு வைக்கலாம், பால் வைக்கலாம், தேவாரம் பாடலாம். அன்று நாலு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாம். நினைத்தால் அடுத்தது தங்காது என்று எந்த நூலிலும் தாம் படித்ததில்லை என்றும் சொன்னார்.

கோவிலில் அர்ச்சனை செய்யப் பெயர் வேண்டுமே என்று கேட்டேன். "தாய் கூப்பிட்ட பெயர் இருக்கிறதே" என்றார்.


கதியால் (முத்தையன்கட்டு)
பெப்ரவரி 23, இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று முன்தினம் போய்வந்தோம். இடையில் எழுத முடியவில்லை, அறுவடைக் காலம்.

தைப்பூசத்தன்று புதிர் எடுத்த இரவு சொன்னேன். விதைக்கச்சான் உடைத்துக்கொண்டிருந்தோம். கை வேலையில் இருந்ததால்தான் வாய் திறந்தது என்று நினைக்கிறேன். மருத்துவமாது அம்மா சொன்னபடி காதில் தொடங்கினேன். "எந்தக் காது? இரண்டுமா?" என்றாள். இரண்டும் என்றேன். எழும்பிப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் இருந்த ஐயாவின் படத்தைக் கழற்றினாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு விளக்கடியில் வைத்துக் காதைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கன்னத்தைச் சொன்னேன். "எவ்வளவு?" என்றாள். பெருவிரல் நகத்தைக் காட்டினேன். அது ஏன் அப்படி ஆகும் என்பதையும், பிள்ளைக்கு நோகவில்லை என்பதையும் சொன்னேன். அந்தப் பின்னேரத்தைப் பற்றியும் சொன்னேன். அது அவளுக்குத் தெரிந்ததுதான். நான்தான் சொல்லாமல் இருந்தேன்.

அவள் என்னை அணைத்து அழுதாள் என்றெல்லாம் எழுத எனக்கும் விருப்பம்தான். அப்படி நடக்கவில்லை. "ஒரு வருடமாக நீங்கள் மட்டும் அவளை வைத்துக்கொண்டிருந்தீர்கள்" என்றாள். அடுத்த இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேநீர் தரும்போது, தலைமயிர் சுருளா நீளமா என்று கேட்டாள்.

வீரைமரம் அண்ணா சொன்னபடி, என்ன செய்ய வேண்டும் என்று அவளையே கேட்டேன். மாசி 9 காலை ஆறு மணிக்குப் போகவேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்றாள். அம்மாவிடம் சொன்னேன். மருத்துவமாது அம்மா எழுதியதையும் பூசகர் ஐயா சொன்னதையும் வாசித்துக் காட்டினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. வரவும் இல்லை. நாங்கள் படலையைத் திறந்தபோது உள்ளே சாமியறையில் கைவிளக்கு எரிந்தது. அது அவருடைய வழமையான விளக்கா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இரவு யானை வந்துபோயிருந்தது. சுடலைக்குப் போகிற வழியில் புதுச் சாணி, முறிந்த வேலி. எனக்கு நெஞ்சு இடித்தது. கதியால் நின்றது. ஒரு வருடத்தில் வேர் பிடித்து என் தோள் உயரத்துக்குத் துளிர்த்து நிற்கிறது. கார்த்திகை மழைக்கு முன் நான் கடைசியாகப் போனபோது நாலைந்து இலைதான் இருந்தது. கல்லெல்லாம் வைத்தபடியே இருந்தது.

அவள் விளக்கை வைத்தாள். சிரட்டையில் பால் வைத்தாள். சேலைத் தலைப்பில் முடிந்து ஒரு கொழுக்கட்டை கொண்டு வந்திருந்தாள். நான்கு பல், மேலே இரண்டு கீழே இரண்டு. ஒரு வயதுக்கு அவ்வளவு இருக்குமாம், அடுத்த வளவுப் பிள்ளையின் வாயைப் பார்த்து வந்து செய்திருக்கிறாள். நான் தேவாரம் பாடத் தொடங்கி இரண்டாம் வரியில் நின்றுவிட்டேன். அவள் முழுவதும் பாடினாள்.

புறப்படும்போது பூவரசில் ஒரு இலையை ஆய்ந்து காம்பைக் கிள்ளிவிட்டு, கையில் வைத்துச் சுருட்டினாள். சின்ன வயதில் எல்லோரும் செய்கிற பீப்பீதான். நுனியைப் பல்லால் மெல்ல நசித்துவிட்டு ஊதினாள். முதல் தரம் காற்றுத்தான் வந்தது. திரும்பச் சுருட்டி ஊதினாள், சத்தம் வந்தது. அதைக் கொழுக்கட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தோம்.